அவர் சொல்லாத 'சரி'

என் பெயர், தந்தை பெயர், முழு முகவரி மூன்றையும் இத்துடன் வைத்துள்ள தனித்தாளில் என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக்காக வேலை பார்த்து வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், இன்று காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்வதாவது:

மூன்று வருடம் நான்கு மாதத்துக்கு முன் இதே நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு இடங்களில் பொய் சொன்னேன். அந்தப் பொய்களைத் திருத்தவே வந்திருக்கிறேன்.

அந்த வாக்குமூலத்தில் 'காயம்பட்ட உதவி மெக்கானிக்' என்று எழுதப்பட்டிருப்பவர் என் தங்கையின் கணவர். இனி அவரை மாப்பிள்ளை என்றே சொல்கிறேன். அவர் என்னிடம் உதவியாளராக வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. ஓயாமல் பேசுவார் என்பதால் வேலையிடத்தில் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் என் வீட்டுக்குக் கருவிப் பெட்டியை எடுக்க வந்தவர் என் தங்கையிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, அதைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் கல்யாணம் ஆனது. இந்த விவரம் தேவையா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். தேவை என்று சொன்னேன். அவர் எப்படிப் பேசக்கூடியவராக இருந்தார் என்பது தெரிந்தால்தான் பிறகு நான் சொல்லப்போவது புரியும்.

சம்பவம் நடந்தது எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில். அங்கே லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஒரு சிவப்பு ஸ்டாப் பட்டன் உண்டு. கூரைமேல் ஏறி வேலை செய்பவர் முதலில் அதை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் பெட்டி நகராது. சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பு அந்தப் பட்டன் பழுதாகி, ஓடுகிற லிஃப்ட்டை நடுவழியில் நிறுத்தத் தொடங்கியது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சத்தம் போட்டார்கள். புதிய பட்டன் கேட்டு ஸ்டோருக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். அது வரும்வரை லிஃப்ட் ஓடட்டும் என்று, ஒரு விரல் நீளத்துக்கு ஒயரை வெட்டி, பட்டனைத் தாண்டி இணைப்புக் கொடுத்தேன். அதன் பிறகு பட்டனை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான். அப்படிச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று மாப்பிள்ளை, மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தார். திரும்பி வந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

சம்பவ நாளன்று காலை பதினொரு மணிக்கு நான் மேலே மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தேன். மாப்பிள்ளை மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து பெட்டியின் கூரைமேல் இறங்கி, பெட்டி ஏறி இறங்கும் பக்கத் தண்டவாளங்களைத் துடைத்து எண்ணெய் போடத் தொடங்கினார். ஹெல்மெட் போட்டு, பாதுகாப்பு வாரையும் மாட்டியிருந்தார். சிவப்புப் பட்டனையும் அழுத்தினார். அழுத்தியதை எப்படிச் சொல்கிறேன் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். பிறகு நான் கீழே இறங்கிப் பார்த்தபோது பட்டன் அழுத்தியபடியே இருந்தது. அதை வெளியே இழுத்துவிட்டவன் நான்தான்.

அதன் பிறகு சுமார் இருபது நிமிடம் கழித்து, ஆறாம் மாடி அலுவலக மேலாளர் எனக்குப் போன் செய்து, முக்கியமானவர்கள் காத்திருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கோபமாகக் கேட்டார். வழக்கமாக மாப்பிள்ளை இருபது நிமிடத்தில் அந்த வேலையை முடித்துவிடுவார். முடித்திருப்பார் என்று நினைத்து மெயின் சுவிட்சைப் போட்டேன். போடுவதற்கு முன் "போடலாமா?" என்று கேட்டு, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் போட வேண்டும். நான் கேட்கவில்லை. ஆறாம் மாடியில் யாரோ லிஃப்ட்டைக் கூப்பிடும் பட்டனை அழுத்தி வைத்திருந்ததால் பெட்டி உடனே மேலே கிளம்பியது. அப்போது அவர் ஓரமாகக் குனிந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான்காம் மாடி மட்டத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உத்தரத்தில் தலை அடிபட்டது. சத்தம் கேட்டு சுவிட்சை அணைத்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவரைக் கூப்பிட்டுப் பதில் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஓடி இறங்கி ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து கூரைமேல் இறங்கினேன். அவர் ஒருக்களித்துக் கிடந்தார். ஹெல்மெட் பிளந்திருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சு இருந்தது, குறட்டை போலக் கேட்டது. என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் நான் முதலில் எடுத்தது வெட்டுக்குறடு. பட்டன் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒயரை வெட்டி எடுத்துப் பையில் போட்டு, பட்டனை வெளியே இழுத்து, மூடியைத் திரும்ப மாட்டினேன். அதன் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டதற்குச் சொல்வதாவது: நான் மணி பார்க்கவில்லை. மூடிக்கு நான்கு திருகாணிகள். ஒன்று கீழே விழுந்தது, அதைத் தேடவில்லை.

அன்று மாலை நிலையத்திலிருந்து வந்து விசாரித்தபோது, நான் மேலேயிருந்து "போடலாமா?" என்று கேட்டதாகவும், மாப்பிள்ளை "சரி, போடுங்க" என்று சொன்னதாகவும், அவர் ஸ்டாப் பட்டனை அழுத்த மறந்திருந்ததாகவும் சொன்னேன். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடமும் அதையே சொன்னேன். பட்டன் சேதமாகிவிட்டது என்று சொல்லி மறுநாள் புதிய பட்டனை நானே மாட்டினேன். அவர் கண் விழித்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். என் தங்கை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அவர் கண் விழிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நானும் வேண்டிக்கொண்டேன். ஆனால் எதை என்று இன்றுவரை எனக்கே தெளிவாகத் தெரியாது.

மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். பத்தொன்பது நாள் நினைவில்லாமல் இருந்தார். ஹெல்மெட் இல்லாவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

கண் விழித்த பிறகு, விபத்து நடந்த நாளும் அதற்கு முந்தைய மூன்று வாரமும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை என்று தெரிந்தது. அந்த நாட்கள் திரும்பி வராது, அடிபட்ட மூளை அதைப் பதிவு செய்யவே இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேச வாய் திறப்பார், சொல் வராது. கரண்டியைக் காட்டி, "அந்த... அள்ளுறது" என்பார். லிஃப்ட்டுக்கு, "மேலே போற ரூம்" என்றார். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளை வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். தங்கை மட்டும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார். ஒருமுறை அதைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து யார் உடைத்தது என்று கேட்டார். வாசனை தெரியாமல் போனதால், பால் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை வந்தபோதும் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பகலில் இரண்டு மணி நேரம் விழித்திருந்தால் மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, கை கால் நல்லாத்தானே இருக்கு, ஆள் சோம்பேறி ஆகிட்டார் போல என்று பேசிவிட்டுப் போனார்கள்.

ஆறாம் மாதம் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவரிடம் சேர்த்தோம். அவர் மாப்பிள்ளைக்கு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் கொடுத்து, அன்றாடம் நடப்பதை அதில் எழுதச் சொன்னார். முதல் பக்கத்தில் அவர் யார், வீட்டில் யார் யார், அவருக்கு என்ன நடந்தது என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, தினமும் காலையில் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றார். விபத்தின்போது கூட இருந்தவன் நான் என்பதால் அந்தப் பகுதியை என்னை எழுதச் சொன்னார். பேனாவை வாங்கி எழுதினேன். 'நான் ஸ்டாப் பட்டனை அழுத்த மறந்தேன். மச்சான் கேட்டார். நான் சரி என்று சொன்னேன். லிஃப்ட் நகர்ந்தது.' எழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மா பாராட்டினார்.

அதன் பிறகு மாப்பிள்ளை தினமும் காலையில் அதைப் படித்தார். முதலில் ஒவ்வொரு சொல்லாக, பிறகு வாக்கியம் வாக்கியமாக, எட்டு மாதம் கழித்துப் பார்க்காமலே சொன்னார். கடைசியில், அது தனக்கு ஞாபகம் இருப்பதாகவே சொல்ல ஆரம்பித்தார். "நல்லா ஞாபகம் வருது மச்சான். கையில எண்ணெய்த் துணி இருந்துச்சு. அதான் பட்டனை மறந்துட்டேன்" என்றார். எண்ணெய்த் துணியைப் பற்றி நான் எழுதியிருக்கவில்லை. அதை அவரே சேர்த்துக்கொண்டார்.

அவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். தங்கையிடம் தினமும். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், "ஒரு பட்டனை அழுத்தியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்று சொல்லிவிட்டாள். அவர் குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. மகள் பள்ளியில் பரிசு வாங்கிய நாளன்று கூட்ட இரைச்சல் தாங்காமல் நிகழ்ச்சிக்குப் போக முடியவில்லை. அதற்கும், "அப்பா அன்னைக்குக் கவனமா இருந்திருந்தா வந்திருப்பேன் குட்டி" என்றார். என்னிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். என் கண் முன்னால் அடிபட்டுக் கிடந்து என்னைப் பயமுறுத்திவிட்டாராம். பரவாயில்லை மாப்ளே என்று சொன்னேன்.

இரண்டு வருடம் ஆன பிறகு நிறுவனம் அவரை ஸ்டோரில் அரை நாள் வேலைக்கு எடுத்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பழகி, ஒரு தவறும் இல்லாமல் செய்தார். நிறுத்தி நிறுத்திப் பேசினாலும் பழைய கிண்டல் கொஞ்சம் திரும்பியது. ஒருநாள் ஸ்டோர் பொறுப்பாளர் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு எல்லா அலமாரியிலும் தேடினாராம். "அடிபட்டது எனக்கு சார், மறதி உங்களுக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டதாகப் பொறுப்பாளரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பில் மாப்பிள்ளையை நிற்க வைத்துப் பேசச் சொன்னார்கள். "நான் பட்டனை அழுத்த மறந்தேன். நீங்க மறக்காதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் அதே சொற்களில் சொன்னார். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

இந்நிலையில் சென்ற மாதம் ஸ்டோரில் பழைய சீட்டுக்கட்டுகளை வருடவாரியாக அடுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் அன்று புதிய பட்டன் கேட்டு எழுதிய சீட்டு இருந்திருக்கிறது. என் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அப்படி ஒரு சீட்டு இருப்பதையே நான் மறந்துவிட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், இதுல பட்டன் வேலை செய்யலைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. தேதி பாருங்க. நான் விழறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி" என்றார். பிறகு விரலால் மேசைமேல் கோடு போட்டபடி, "வேலை செய்யாத பட்டனை நான் அழுத்தினா என்ன, அழுத்தாட்டி என்ன? எங்கேயோ இடிக்குதே மச்சான்" என்றார்.

அவர் கண்ணில் சந்தேகம் இல்லை. கணக்கு வராத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல் கேட்டார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "அது வேற கட்டடம் மாப்ளே. உனக்கு இன்னும் குழப்பம் தீரலை. டாக்டர்கிட்ட சொல்லு" என்றேன். சீட்டில் கட்டடத்தின் எண் தெளிவாக எழுதியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியா? அப்போ என் தலைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் செய்தவற்றில் எது பெரிய தவறு என்று உதவி ஆய்வாளர் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஒயர் அல்ல, சுவிட்சும் அல்ல. மூன்று வருடம் பாடுபட்டு அவர் சரியாக யோசித்த ஒன்றை, உன் மூளை கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி நான் பிடுங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு நான்கு நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். அவர் வேலைக்குப் போகவில்லை என்றும், எழுதியிருப்பதைக்கூடச் சரியாகப் படிக்க முடியாதவன் ஸ்டோரில் இருந்தால் தப்பான பாகம் போய் யாராவது சாவார்கள் என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு மறுபடி முதல்ல இருந்தா அண்ணா? நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். குட்டி பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். இரண்டு பேரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். நீளமாகச் சொன்னால் மாப்பிள்ளையால் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அதனால் நிறுத்தி நிறுத்தி, மூன்று தடவை சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எழுதினார். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றும் ஒன்றாக இருந்ததும் பேனாவை மூடினார்.

"நான் விழுந்தது வேலையில. இந்த வேலையில அது நடக்கும். அதை விடு" என்றார். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவர் என்னை நீ என்று சொன்னதில்லை. "மூணு வருஷமா நான் இவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். என் பொண்ணுகிட்ட கேட்டேன். உன்கிட்டயும் கேட்டேன். நீ பரவாயில்லைன்னு சொன்னே. எப்படிச் சொன்னே? அதை மட்டும் சொல்லு."

 

தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒயரை வெட்டினது போன் பண்றதுக்கு முன்னாடியா, பண்ணின பிறகா?" முன்னாடி என்று சொன்னேன். அவள் எழுந்து, உலர்ந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

நான் கிளம்பும்போது மாப்பிள்ளை வாசல்வரை வந்து, "குட்டிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அப்பாவுக்கு மறுபடி குழப்பம்னு நினைச்சுக்குவா" என்றார். மறுபடி நீங்க என்று ஆகியிருந்தது. நீ என்று சொன்னபோது இருந்ததைவிட அது எனக்குத் தூரமாகப் பட்டது. குட்டியிடம் சொன்ன பிறகு நிலையத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ராஜினாமாக் கடிதத்தை அவர் கொடுக்கவில்லை. மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். பாதுகாப்பு வகுப்பில் இனிப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக ஸ்டோர் பொறுப்பாளர் மூலம் தெரிந்துகொண்டேன்.

நேற்று மாலை குட்டி பள்ளி விட்டு வரும் வழியில் அவளோடு நடந்தபடி சொன்னேன். அவளுக்கு இப்போது பத்து வயது. ஒயர், பட்டன், சுவிட்ச் எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். வீட்டு முனை வந்ததும் நின்றாள்.

"அப்போ அப்பா அன்னைக்கு ஒண்ணுமே மறக்கலையா மாமா?"

"இல்ல குட்டி. அன்னைக்கு அவர் செய்ய வேண்டியதை ஒண்ணு விடாம செஞ்சார்."

அவள் என் கையிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டு, என்னோடு சேர்ந்து வராமல் தனியாக வீட்டுக்கு ஓடினாள்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 'இருவருக்குமிடையே தகவல் சரியாகப் பரிமாறப்படாததால்' என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்ததை அடிக்கச் சொல்லி, 'நான் கேட்கவில்லை' என்று மாற்றச் செய்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். முன்பு கொடுத்ததைத் தள்ளிவிட்டு இதையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதில் உள்ளவை நான் செய்ததும் பார்த்ததும் மட்டுமே. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை, இந்த முறை விட்டுவிட்டதும் எதுவும் இல்லை. முத்திரையிட்ட நகல் ஒன்றை மாப்பிள்ளையிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்